மலை ஓட்டத்தில் கஞ்சிவெள்ளம்

அன்புள்ள ராகேலுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி தணிந்ததா? நெய்யூர் ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டினாயா?

ஒரு செய்தி, பயப்படாதே. ஓமனில் எங்கள் ஆபீஸ்காரர்களோடு மலைப்பூங்கா ஓட்டத்துக்கு நானும் போனேன். இந்த வயதில் தேவையா என்று எனக்கே சந்தேகம்தான். பாறை விளிம்பில் பாதை குறுகிய இடத்தில் கீழே பள்ளத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிவிடத் தீர்மானித்து, கேலிக்குப் பயந்து பைக்குள் ஒளித்திருந்த கஞ்சிவெள்ளத்தையும் காணப்பயற்றுத் துவையலையும் எடுத்தேன். ஓடும்போது கெண்டைக்கால் தசை பிடித்து அருகில் கிடந்த ஒருவன் சிரித்துவிட்டான்.

“சாரே, ஓட வந்தியளா, கஞ்சி குடிக்க வந்தியளா?”

நம் ஊர்ப்பக்கம், தேங்காய்ப்பட்டணத்துப் பையன், பெயர் பர்வேஸ். பாதியை அவனுக்குக் கொடுத்தேன். குடித்துக் கால் தேறியதும் எழுந்து எனக்கு முன்னால் நின்றான்.

“பள்ளத்தப் பாக்காண்டாம். எனக்க முதுகப் பாத்து வாருங்க.”

அப்படியே வந்தேன். கடைசியாகத்தான் வந்து சேர்ந்தோம், ஆனாலும் சேர்ந்தோம். உன் கஞ்சிப் பக்குவத்துக்கும் அவன் முதுகுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி வெள்ளிக்கிழமைகளில் கஞ்சிக்கு வருவானாம். இன்னொரு தட்டு வாங்கி வைத்துவிட்டேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் சம்பா அரிசியும் காணமும் கொடுத்தனுப்பு. இந்தமுறை இரண்டு பேருக்குக் காணும்படி அனுப்பு.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உன்
நேசையன்