எண்பத்தைந்துக்குக் கீழே

மார்ச் 4, செவ்வாய்

எடை 90.2. தூக்கம் மூன்று மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. நூற்றுப் பதினெட்டில் இருந்தவள் தொண்ணூறுக்கு வந்துவிட்டேன். கூடவே தூக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம். முன்பெல்லாம் தலையணையில் தலை பட்டால் போதும், குறட்டை கிளம்பிவிடும். “அக்கா படுத்தாச்சு, மில்லு ஓட ஆரம்பிச்சிருச்சு” என்று தம்பி அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பான். இப்போது மில் மூடிவிட்டது. மல்லாந்து படுத்தால் நெஞ்சு எரிகிறது. இடது பக்கம் படுத்தால் தழும்பு இழுக்கிறது. வலது பக்கம் சுவர். அதன் ஒவ்வொரு விரிசலும் எனக்கு அத்துப்படி.

இன்று தம்பிக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், ஒரு இயந்திரம் அவன் ரத்தத்தைக் கழுவித் தருகிறது. என் சிறுநீரகம் ஒன்று அவனுக்குப் போக வேண்டும். அதற்கு நான் எண்பத்தைந்து கிலோவுக்குக் கீழே வர வேண்டும். அதற்காகத்தான் இந்த வெட்டு. எழுதிப் பார்த்தால் நாலே வரிதான் வருகிறது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு மணி நேரம். பல் துலக்கும்போது நின்றபடியே கண் சொருகியது.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தம்பியை டயாலிசிஸில் விட்டுவிட்டு நானும் அவன் மனைவியும் மேல் மாடிக்குப் போனோம். எனக்கு அறுவை செய்த டாக்டர் தூக்கத்தைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “சிலருக்கு இப்படி ஆகும்மா. ஆசிட் மேல ஏறும். இரும்புச் சத்து குறையும். உடம்பு பசின்னு நெனச்சு முழிச்சுக்கும். போகப் போக சரியாயிரும்.” எத்தனை நாளில் என்று கேட்டேன். அந்தக் கேள்வி டாக்டர்களுக்குப் பிடிப்பதில்லை. தலைமாட்டை உயர்த்தச் சொன்னார், டீயை நிறுத்தச் சொன்னார், இரும்பு மாத்திரை எழுதினார்.

அடுத்தது ஃபைல் அம்மா. உறுப்பு கொடுப்பவர்களின் கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பதுபோல் எப்போதும் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டுதான் நடப்பாள். பசி எப்படி, மனசு எப்படி, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டாள்.

“நல்லாத் தூங்குறேன்” என்றேன்.

பொய். அரை மணி முன்னால் பக்கத்து அறையில் டாக்டரிடம் சொன்னதற்கு நேர்மாறான பொய். ஏன் சொன்னேன்? தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்திருந்தாள். தூக்கமில்லை என்றால் மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள், ரெண்டு மாதம் தள்ளிப்போகும். அவள் ஒரு நாளைக்கு ஆறு வேளை எனக்கு சூப் வடிகட்டித் தருகிறாள். அதை வைத்துக்கொண்டு எப்படி வாயைத் திறப்பது.

மார்ச் 19, புதன்

இன்று மானம் போயிற்று.

சீருடை தைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வெட்டுமேசை என்னுடையது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை வைத்து சாக்பீஸால் வரைந்து, மோட்டார் கத்தியால் மொத்தமாக வெட்ட வேண்டும். சட்டைக் கை வெட்டும்போது அட்டையை ஒரு தடவை நேராக வைத்தால் அடுத்த தடவை திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் இடதும் வலதுமாக வரும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். இன்று நான் திருப்பவில்லை. அறுபது அடுக்குத் துணி. நூற்றிருபது கை, அத்தனையும் இடது.

தையல் வரிசையிலிருந்து ஒருத்தி வெட்டிய சட்டைக் கைகளில் இரண்டைத் தூக்கிக் காட்டினாள். “குண்டக்கா, இந்தச் சட்டைய போடப்போறவரு யாரு? ரெண்டு பக்கமும் இடது கையா அவருக்கு?”

கூடமே சிரித்தது. இருபத்தெட்டு கிலோ குறைந்தும் அவர்களுக்கு நான் குண்டக்காதான். நானும் சிரித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்திரி, எதையும் பாதியில் வெட்டிப் பேசுவதால். அவர் துணியைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்தார். கத்திக்குப் பக்கத்தில் நிற்கும்போது போட வேண்டிய கம்பிவலைக் கையுறையை நான் போட்டிருக்கவில்லை. கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“துணி போனா வாங்கலாம். வெரல் போனா?” என்றார். அவ்வளவுதான். நாளையிலிருந்து எனக்கு நூல் நறுக்கும் மேசை.

மார்ச் 20, வியாழன்

நேற்று சேர்ந்த சின்னப் பெண்களோடு உட்கார்ந்து பிசிறு நூல் நறுக்கினேன். மத்தியானம் நறுக்கிக்கொண்டே தூங்கிவிட்டேனாம். யாரும் எழுப்பவில்லை. பரிதாபம் பார்க்கிறார்கள். கேலியே தேவலை.

மார்ச் 29, சனி

இன்று தம்பியோடு டயாலிசிஸ் அறையில் நான் இருந்தேன். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு இயந்திரம். ஊசி குத்தியதும் அவன் தூங்கிப்போவான். கடன்காரன், எங்கே போட்டாலும் தூங்குகிறான். எழுந்தபோது உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டேன்.

“உன் கிட்னிய வச்சா எனக்கும் கொறட்டை வருமாக்கா?” என்றான்.

“அதோட என் வாயும் வரும். உன் பொண்டாட்டி தாங்குவாளா?” என்றேன்.

சிரித்தான். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

வெளியே வரும்போது அவனுடைய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் பலவீனமாகிக்கொண்டு வருகிறதாம். இன்னும் ரெண்டு வருடத்துக்கு மேல் இயந்திரத்தை நம்ப முடியாதாம். இறந்தவர்களின் உறுப்புக்குப் பதிவு செய்து காத்திருந்தால் ஐந்து வருடம் ஆகுமாம். “நீங்க இருக்கறதால கவலை இல்லை” என்றார்.

நீங்க இருக்கறதால. இந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டாகிவிட்டது.

ஏப்ரல் 7, திங்கள்

86.1. காலையில் எடை பார்க்கும் கருவியில் நான் நிற்க, தம்பி மனைவி குனிந்து எண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “இன்னும் ஒரு கிலோதான் அண்ணி” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் கடைக்குப் போனதும் அலமாரியைத் திறந்தேன். கெட்டிப்பால் டப்பா. நின்றபடியே ஆறு கரண்டி. பசி இல்லை. ஆசையும் இல்லை. நாலாவது கரண்டியிலேயே குமட்டியது, விடாமல் ஆறையும் விழுங்கினேன். வெட்டிய இரைப்பைக்கு அவ்வளவு இனிப்பு ஆகாது. பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, பாத்ரூம் தரையில் சுருண்டு கிடந்தேன். திரும்பி வந்தவள் அறுவை சிகிச்சையின் கோளாறு என்று நினைத்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கரண்டியை ஏற்கெனவே கழுவி வைத்திருந்தேன். அவ்வளவு விவரம் எனக்கு.

ஏப்ரல் 8, செவ்வாய்

எதற்குத் தின்றேன் என்று எனக்குத் தெரியும். எண்பத்தைந்து வரக் கூடாது என்று.

ஏப்ரல் 9, புதன்

எழுதியதைக் கிழிக்கப் பார்த்தேன். கை வரவில்லை. சரி, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கொடுக்க விருப்பமில்லை.

போன வருடம், ஆஸ்பத்திரி நடையில், யாருடைய ரத்தம் தம்பிக்குப் பொருந்துகிறது என்று சொன்ன அன்று — என்னுடையது மட்டும்தான் பொருந்தியது. தம்பி மனைவியுடையது பொருந்தவில்லை, அவள் அழுதாள். சித்தப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “நான் இருக்கேன்ல” என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? உடனே டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, இந்த எடையில் முடியாது என்றார்.

அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. வாழ்நாள் முழுக்க நான் சபித்த இந்த உடம்பு அன்றைக்குக் குறுக்கே நின்று என்னைக் காப்பாற்றியது. நான் அதையும் வெட்டிக் குறைத்துக்கொண்டேன், எல்லோரும் கை தட்ட. சித்தப்பா போனில் என்னைத் தெய்வம் என்கிறார். தெய்வம் கெட்டிப்பாலைத் திருடித் தின்கிறது.

டாக்டர் ஆசிட் என்கிறார், இரும்புச் சத்து என்கிறார். இருக்கலாம். ஆனால் கண்ணை மூடினால் நான் பார்ப்பது எடைக் கருவியின் எண்ணைத்தான். அது குறையக் குறைய எனக்கு முழிப்பு.

ஏப்ரல் 16, புதன்

ஏன் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதல் வெட்டில் மயக்கம் தெளிந்தபோது மூச்சு விட முடியாமல் கிடந்த அந்தப் பத்து நிமிடம் — அது ஒன்று. இன்னொன்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நாற்பத்து நாலு வயதில் முதல் தடவையாக பஸ்ஸில் ஒரு சீட்டில் ஒருத்தியாக உட்காருகிறேன். குனிந்து செருப்பு வார் மாட்டுகிறேன். கண்ணாடியில் கழுத்து எலும்பு தெரிகிறது. எனக்குக் கழுத்து எலும்பு உண்டு என்றே தெரியாது. இந்த உடம்பு இப்போதுதான் எனக்குக் கிடைத்தது. அதற்குள் அதில் பங்கு கேட்கிறார்களே.

கேட்பது யாரு? தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். சாகப்போறான்டி அவன். கழுத்து எலும்பாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

84.7. தம்பி மனைவி எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். தம்பி என் தலையில் கை வைத்து முடியைக் கலைத்துவிட்டான், நான் அவனுக்குச் சின்ன வயதில் செய்ததுபோல. ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை.

மே 6, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொடுப்பவர்களுக்கென்று தனியாக ஒரு டாக்டர். அவர் தம்பியைப் பார்ப்பதில்லை, என்னை மட்டும்தான். தம்பி மனைவியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. என் வயதுதான் இருக்கும்.

“எல்லார்கிட்டயும் சொல்றதுதான் இது. உங்களுக்கு மனசு இல்லைன்னா இப்பவே சொல்லலாம். கடைசி நிமிஷத்துலகூட சொல்லலாம். மருத்துவக் காரணத்தால முடியாதுன்னு மட்டும்தான் வெளிய சொல்லுவோம். என்ன காரணம்னு உங்க தம்பிக்குக்கூட சொல்ல மாட்டோம்.”

நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்படித் தூங்குறீங்க?” என்றார்.

“தூங்குறதே இல்லை.”

“எத்தனை நாளா?”

“எடை குறைய ஆரம்பிச்சதுலேருந்து.”

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் ஏதாவது பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“எனக்கு வேண்டாம்” என்றேன். என் குரல்தான். மறுபடியும் சொன்னேன், அவருக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று.

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். “இதைச் சொல்றவங்க நீங்க மட்டும் இல்லை” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். மற்றவர்களின் தம்பிகள் என்ன ஆனார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே தம்பி மனைவி எழுந்து நின்றாள். “என்ன சொன்னாங்க அண்ணி?” “சொல்லி அனுப்புவாங்களாம்” என்றேன்.

மே 9, வெள்ளி

சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருத்துவக் காரணங்களால் தகுதியில்லை. ஃபைல் அம்மா வருத்தத்தோடு போனில் சொன்னாளாம்.

தம்பி மனைவி சமையலறையில் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். “என்னுது பொருந்தியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். என்னைக் குத்திக் காட்டவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு எனக்கு சூப் வடிகட்டினாள்.

தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “அழாதக்கா. உடம்பு ஒத்துக்கலைன்னா நீ என்ன பண்ணுவே? எனக்காக வயித்தையே வெட்டிக்கிட்டே. வேற யாரு செய்வா?”

சொல்லிவிடுடி, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கத்தியது. மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினேன். நான் இப்படிப்பட்டவள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மே 13, செவ்வாய்

நேற்று வேலை முடிந்து வந்து ஆறரைக்குச் சும்மா சாய்ந்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். மணி எட்டேகால். நடுவில் ஒரு தடவைகூடப் புரளவில்லை. போட்ட இடத்திலேயே கிடந்திருக்கிறேன். நெஞ்சு எரியவில்லை, தழும்பு இழுக்கவில்லை. வாய் கோணி, தலையணை நனைந்திருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. இன்று டயாலிசிஸ். நான்தான் கூடப் போகிற முறை. வேலைக்கும் லீவு சொல்லியிருந்தேன். தம்பி மனைவி என்னை எழுப்ப வந்தாளாம். அவன்தான் தடுத்து, அவளையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். மத்தியானம் திரும்பி வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது. நிமிர்ந்ததும் முதல் வார்த்தையாக, “தூங்குனியாக்கா?” என்றான்.

“தூங்கினேன்டா.”

“ராத்திரி மில்லு ஓடுச்சு” என்றான். “ரொம்ப நாளாச்சு கேட்டு. நானும் நிம்மதியாத் தூங்குனேன்.”

அவனுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தேன். பாதியைக் குடித்து, மீதியை அப்புறத்துக்கு என்று மூடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

இப்போது மணி ஏழு. எனக்கு மறுபடியும் தூக்கம் வருகிறது.