முன் ஆக்சிலில் இரும்புக் கட்டையை மீண்டும் வைக்க மறுக்கும் மனு

அனுப்புநர்:
பட்டறை உரிமையாளர் (வாகன அடிப்பகுதி வேலை),
டயர் கடைக்குப் பின்புறம், மூன்றாவது தகரக் கதவு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வாகனத் தகுதிச் சோதனை அலுவலகம்.

பொருள்: முப்பத்தொரு வருடப் பழைய டிரக் ஒன்றை "வந்த நிலையிலேயே" திருப்பித் தரும்படி பிறப்பித்த ஆணையை ஏற்க மறுப்பதும், அந்த வண்டிக்குத் தங்கள் அலுவலகம் வழங்கிய தகுதிச் சான்றிதழை ரத்து செய்யக் கோருவதும் குறித்து.

பார்வை: 8-ஆம் தேதி என் பட்டறைக் கதவில் ஒட்டப்பட்ட ஏழு நாள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறிவிப்பில் என்னை "வாகனத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கும் நபர்" என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். பிடித்து வைத்திருப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் கழற்றப்பட்டு, நான்கு ஸ்டாண்டின் மேல், என் பட்டறையின் நடுவில் அந்த வண்டி நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதை அறிவிப்பு எழுதியவர் கேட்கவில்லை. ஆகவே தாங்களாவது கேட்டருள வேண்டும்.

2. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டிரக் அது. மேல் நீர்த்தேக்கத்தின் பம்பு நிலையத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்தில் ஓடுகிறது. ஒப்பந்தத்தைப் பார்ப்பவர் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று அழைப்பவர். வண்டியை ஓட்டுபவர் என் அக்கா. ஒரு நடைக்குப் பின்பக்கப் பலகையில் ஆறு பேர் உட்காருவார்கள். வழியில் மூன்று கிலோமீட்டர் பாறையும் ஓடைத் தண்ணீரும்.

3. போன வருடம் வண்டியின் அடிப்பகுதி பாறையில் உரசுகிறது என்று அத்தான் என்னிடம் கொண்டுவந்தார். நான்கு அங்குலம் தூக்கிக் கொடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் புதிய ஸ்பிரிங் பட்டை, நீளமான ஷாக் அப்சார்பர், நீளமான பிரேக் ஹோஸ் போட்டேன். பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சுழல் தண்டு கோணலாகி அதிராமலிருக்க ஆப்புத் தகடு வைத்தேன். ஸ்டியரிங் கையையும் மாற்றினேன். ஒன்பது நாள் பிடித்தது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்பக் கொண்டுவரச் சொல்லி பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினேன். உயரத்தை மாற்றியதற்கான படிவத்தை மட்டும் தங்கள் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. அது என் தவறு. அதற்குரிய அபராதத்தைச் சொன்னால் கட்டிவிடுகிறேன்.

4. இந்த மழையில் ஓடைத் தண்ணீர் ஏறி, அத்தானின் வண்டி இரண்டு நடை போக முடியாமல் நின்றுவிட்டது. அதே நாளில் வேறொரு ஒப்பந்தக்காரரின் வண்டி கடந்துபோனது. பம்பு நிலையத்தார் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அத்தான் கெட்டவர் அல்லர், பயந்தவர். இன்னும் மூன்று அங்குலம் தூக்கு, முன்பக்கம் கட்டை வை என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். பின் ஆக்சிலில் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் ஒரு கட்டை வைப்பது வழக்கம்தான். முன் ஆக்சில் அப்படியல்ல. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் அங்கேதான் வந்து விழும். நடுவில் கட்டை இருந்தால் அது நெம்புகோலாகி, பட்டையை முறுக்கி, ஒருநாள் தானே வெளியே வந்துவிடும். இதை அத்தானிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் நெடுஞ்சாலை முனையிலுள்ள வெல்டிங்காரரிடம் போய்விட்டார். வேலை அரை நாளில் முடிந்தது.

5. கட்டை வைத்த பிறகு தங்கள் ஆய்வாளர் அந்த வண்டியைச் சோதித்தபோது ஓட்டிப் போனது அக்காதான். ஆய்வாளர் விளக்கின் உயரத்தை அளந்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், "வண்டி கம்பீரமா இருக்கு" என்றார், கையெழுத்திட்டார். குனியவில்லை. எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம்.

6. இம்மாதம் 1-ஆம் தேதி புதன்கிழமை காலை, ஆறு பேருடன் இறக்கத்தில் வரும்போது அக்கா பிரேக்கை மிதித்தார். வண்டி இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போய், ஓரக்கல்லின் மேல் ஒரு சக்கரம் ஏறி நின்றது. கல்லுக்கு அப்பால் பள்ளம். பம்பு இயக்குபவர் ஒருவருக்கு உதடு கிழிந்தது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அக்கா எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, முதல் கியரிலேயே, காலை பிரேக்கில் வைக்காமல், பதினோரு கிலோமீட்டர் என் பட்டறைவரை வந்தார். வந்தவர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீரில் பாதியைக் குடித்தார். பிறகு சொன்னது இது: "பிரேக்லதான்டி கால வச்சேன். வண்டி பள்ளத்தப் பாத்துப் போகுது. நீயே என்னன்னு பாரு."

7. பார்த்தேன். தாங்களும் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை என்பதால் சுருக்கமாகவே எழுதுகிறேன். முன் ஆக்சிலில் பக்கத்துக்கு இரண்டு கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்று. உள்ளே கூடான இரும்பு. இடப்பக்கத்து மேல்கட்டை மூலையிலிருந்து மூலைவரை விரிசல் விட்டு, ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. யூ போல்ட் நட்டை ஸ்பானர் இல்லாமல் கையால் திருகினேன், திரும்பியது. சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. நான்கு அங்குலத்துக்கு நான் போட்ட ஹோஸ் அது. ஏழு அங்குலத்துக்கு எட்டாது.

8. வண்டியை மறுபடி பூட்டித் தரமாட்டேன் என்று அன்றைக்கே அத்தானுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். வேறு பட்டறைக்குப் போன பொறாமையில் மைத்துனி வண்டியை முடக்கிவிட்டாள் என்பது புகார். எனக்குக் கோபம் இருந்தது உண்மை. வெல்டிங்காரரிடம் போனதிலிருந்து மூன்று வாரம் அவர்கள் வீட்டுப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. ஆனால் என் கோபத்தால் இரும்பில் விரிசல் விழாது, ஐயா.

9. அந்த மூன்று வாரத்தைப் பற்றி இன்னொன்றும் எழுதியாக வேண்டும். கட்டை வைக்காதீர்கள் என்று அத்தானிடம் சொன்ன நான், ஓட்டுகிற அக்காவிடம் சொல்லவில்லை. வீம்பு. அக்காவே வந்து கேட்கட்டும் என்றிருந்தேன். தங்கள் அறிவிப்பில் என்மீது சுமத்தியிருக்கும் நான்கு குற்றங்களில் இது இல்லை. இருந்திருந்தால் தலைகுனிந்து ஒப்புக்கொண்டிருப்பேன்.

10. 8-ஆம் தேதி ஆய்வாளர் நேரில் வந்தார். தரையில் எண்ணெய் கிடந்தது, அவர் வெள்ளைக் காலணி அணிந்திருந்தார், கதவோடு நின்றுவிட்டார். நான்கு எட்டு உள்ளே வந்தால் விரிசலைக் காட்டுகிறேன் என்றேன். "சர்டிபிகேட் இருக்கும்மா. அதுக்கு மேல நீ யாரு சொல்றதுக்கு?" என்றார். நான், "அந்த சர்டிபிகேட்ட மடிச்சு ஆக்சில் மேல வச்சா வண்டி நிக்குமா சார்?" என்று கேட்டேன். இதை "அரசு ஊழியரை ஏளனம் செய்தல்" என்று அறிவிப்பில் சேர்த்திருக்கிறார்கள். நான் கேட்டது ஏளனம் அன்று, கேள்வி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கேள்வியைத் திரும்பப் பெறுவதாகவும் இல்லை.

11. அறிவிப்பின்படி வாகனத்தை "உரிமையாளரிடம்" ஒப்படைக்க வேண்டும். நகல் இணைப்பதற்காகப் பதிவுப் புத்தகத்தை அக்காவிடம் வாங்கிப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது அக்காவின் பெயர். அவர் திருமணத்துக்கு முன்பே எங்கள் அப்பா மாற்றிக் கொடுத்தது. பதினெட்டு வருடமாக எல்லோரும் அத்தான் வண்டி, அத்தான் வண்டி என்றே சொல்லிவந்ததில் அக்காவே மறந்துபோயிருந்தார். நானும்தான். தங்கள் அலுவலகம் புகாரை வாங்கும்போதும், ஆணை பிறப்பிக்கும்போதும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பியிருந்தால் இவ்வளவு காகிதம் மிச்சமாகியிருக்கும்.

12. அன்று வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அந்தப் புத்தகத்தை அத்தான் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னாராம்: "வண்டி என் பேர்ல இருக்கு. நான் சொல்ற வரைக்கும் அது தங்கச்சி பட்டறையிலதான் நிக்கும்." அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாராம். ஆனால் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவராகவே பட்டறைக்கு வந்தார். கைவிளக்கை மட்டும் நீட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்து பார்த்தார். விரிசலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து, "வெல்டிங்காரன் முழு இரும்புன்னு சொன்னானே" என்றார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். புகாரைத் திரும்பப் பெறுவீர்களா என்று கேட்டதற்கு, "குடுத்தத திரும்ப வாங்கினா மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?" என்றார். அவர் மூஞ்சியை எங்கே வைப்பது என்பது எங்கள் குடும்ப விஷயம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

13. இது குடும்ப விஷயம் மட்டுமாக இருந்திருந்தால் தங்கள் நேரத்தை வீணாக்கியிருக்கமாட்டேன். அதே வெல்டிங்காரர் முன் ஆக்சிலில் கட்டை வைத்த வண்டிகள் இன்னும் இரண்டு அதே இறக்கத்தில் ஓடுகின்றன. இரண்டுக்கும் தங்கள் அலுவலகம் இந்த மாதமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. பதிவு எண்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அவற்றின் ஓட்டுநர்களை நானே போய்ப் பார்த்துச் சொன்னேன். "கவர்மெண்டே பாஸ் பண்ணிடுச்சு, உங்களுக்கு என்னக்கா?" என்றார் ஒருவர். அவருக்குப் பட்டறை வைத்திருக்கும் தங்கை கிடையாது. தாங்கள்தான் இருக்கிறீர்கள்.

14. ஆகவே நான் கோருவது:

அ) தாங்களோ, குனிந்து பார்க்கும் பழக்கமுள்ள வேறோர் அதிகாரியோ, 15-ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்குள் என் பட்டறைக்கு வந்து வண்டியைப் பார்வையிட வேண்டும். தரையைக் கழுவி வைக்கிறேன்.

ஆ) இந்த வண்டியின் தகுதிச் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். என் நான்கு அங்குல வேலையையும் சேர்த்தே முதலிலிருந்து சோதிக்கலாம். அதில் குறை இருந்தால் எழுத்தில் தாருங்கள். என் செலவில் சரிசெய்வேன்.

இ) மற்ற இரண்டு வண்டிகளையும் அடுத்த நடைக்கு முன் திருப்பியழைக்க வேண்டும். மூன்றில் மிக அவசரமானது இதுதான்.

15. "வந்த நிலையில்" என்றால், விரிசல் விட்ட கட்டையை மறுபடி அதே இடத்தில் வைத்து, கையால் திரும்பும் நட்டைப் போட்டு, என் அக்காவை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிவிடுவது என்று பொருள். அதைச் செய்ய எனக்குத் தெரியும். செய்யமாட்டேன். அபராதம் போடலாம், பட்டறைக்குப் பூட்டுப் போடலாம், வழக்கும் போடலாம். அத்தனைக்கும் கையெழுத்திட்டு ரசீது வாங்கிக்கொள்வேன். புதன்கிழமை பத்து மணிவரை யாரும் வரவில்லையானால், பம்பு நிலைய ஆட்கள் இருவர் சாட்சியாக நிற்க, கட்டைகளைக் கழற்றி, பழைய நான்கு அங்குலத்துக்குக் கொண்டுவந்து, புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளரிடம் வண்டியை ஒப்படைப்பேன். கழற்றிய நான்கு கட்டைகளையும் அன்று பிற்பகலே தங்கள் அலுவலகத்துக்கு நானே சுமந்து வந்து தங்கள் மேசையில் வைப்பேன். கனமானவை. மேசையில் இடம் ஒதுக்கி வைக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் ஆணைக்குக் கட்டுப்படாத,
ஆனால் தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பட்டறை உரிமையாளர்

இடம்: பட்டறை
தேதி: 13, திங்கட்கிழமை

இணைப்பு: பதிவுப் புத்தகத்தின் முதல் பக்க நகல், புகைப்படங்கள் ஒன்பது, மற்ற இரண்டு வண்டிகளின் பதிவு எண்கள்.

வாகனத்தின் பதிவு பெற்ற உரிமையாளரும் ஓட்டுநருமானவரின் குறிப்பு:

மேலே உள்ளதை முழுவதும் வாசித்தேன். ஒன்பதாம் பத்தியைத் தவிர மற்றதெல்லாம் சரி. கட்டை வைத்த நாளிலிருந்தே பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. எனக்குத் தெரியும். வீட்டில் சண்டை வேண்டாம் என்று, பின்னால் ஆறு பேரை உட்காரவைத்துக்கொண்டு, பேசாமல் ஓட்டினேன். தங்கை சொல்லவில்லை என்பது பெரிதில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. இனி இந்த வண்டியின் அடியில் யார் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். அலுவலகத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

(கையொப்பம்)