நாலு ஜிபி போதும் என்றவன்

செவ்வாய், இரவு

மீன்பிடிப் படகில் வைக்கும் கருவிக்கு நானும் சேவியரும் சிப் வடிவமைக்கிறோம். முப்பத்திரண்டு பிட் முகவரி என்றால், நாலு ஜிபிக்கு மேல் நினைவகம் போட்டாலும் கருவிக்கு அது இருப்பதே தெரியாது. நாளைக்குக் கேமரா, வரைபடம் எல்லாம் வரும், அறுபத்துநாலு பிட் வேண்டும் என்றேன். "சரிதாம்ல மக்கா, மீட்டிங்கில நானும் சொல்லுதேன்" என்றான் நேற்று.

இன்று முதலாளி முகம் சுளித்ததும், "நாலு ஜிபி ஆயுசுக்கும் போதும் சார், இவன் சும்மா பயப்படுதான்" என்றுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மேசையில் அவன் போன் கிடந்தது. போன மாதம் நான்தான் கூடப்போய் வாங்கிக்கொடுத்தேன். எட்டு ஜிபி பத்துமா என்று கடையில் என்னை அரித்து எடுத்தவன்.

சாயங்காலம் வழக்கம்போல என் பைக்கில் ஏறிக்கொண்டான். இராஜாக்கமங்கலத்தில் இறங்கி, "நாளைக்கும் கூட்ட வந்துருவியா?" என்று கேட்டான்.

வந்துருவேன் என்றேன், நேற்று அவன் சொன்ன அதே குரலில்.