சீட்டில் இருந்த அரிசி மூடை

இஞ்சருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் 'அன்புள்ள மரியதாஸ்' என்று தொடங்கினால், ஆரையோ கூப்பிடுகிறாள் என்று நீங்கள் திரும்பியும் பார்க்கமாட்டீர்கள். ஆகவே வழக்கம்போல 'இஞ்சருங்கோ'. அன்பு அதற்குள்ளேயே இருக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கல்லறைப் புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். ஒழுங்காக வெட்டுகிறார்கள் இல்லை. கல்லைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு அப்படியே விட்டிருக்கிறார்கள். பார்த்தால் நீங்களே எழும்பி வந்து வெட்டிவிட்டுப் போய்ப் படுப்பீர்கள். சுகயீனக்காரன் என்று டொக்டர் சொன்ன பிறகும் கேட்ட ஆளா நீங்கள்?

இனி எங்கள் பியோர்ண்டால் குடியிருப்பின் புதினம். நீங்கள் மாசியில் போனீர்கள். சித்திரையில் பனி கரைந்து, எங்கள் புளொக்குகளுக்கு நடுவில் இருக்கும் புல் தலைகாட்டத் தொடங்கியது. ஒருநாள் ஆர்னே வந்து கதவைத் தட்டினார். குடியிருப்பின் தலைமை வக்த்மெஸ்தர், அதாவது கட்டடங்களைப் பராமரிக்கிற பெரியவர், உங்களுக்கு மேலதிகாரி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் மற்ற வேலைகளையெல்லாம் வெளிக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்தாயிற்றாம். புல்வெட்டு மட்டும் மிச்சம். நீங்கள் ஏறியிருந்து ஓட்டிய அந்த மெசினை நான் ஓட்டிக் காட்டினால், குடியிருப்புச் சங்கத்தார் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். இல்லாவிட்டால் அதையும் கம்பனிக்கே கொடுத்துவிடுவார்கள்.

விடியமுன் எழும்பி ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் தரை துடைத்துத் துடைத்து எனக்கு முழங்கால் போய்விட்டது என்பது உண்மைதான். ஆனால் நான் ஓம் என்றது அதற்காக இல்லை. வேறொருவன் உங்கள் சீட்டில் ஏறியிருப்பதைக் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு என்னால் பருப்பு அவிக்க முடியாது. அவ்வளவுதான்.

அந்த மெசின் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டியரிங் இல்லாத வாகனத்தை அன்றுதான் முதலில் கண்டோம். வலப்பக்கச் சில்லுக்கு ஒரு பிடி, இடப்பக்கச் சில்லுக்கு ஒரு பிடி. இரண்டையும் சமமாகத் தள்ளினால் நேரே போகும். ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். நீங்கள் பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிப்பித்தீர்கள். அது போதாதென்று உங்கள் சிநேகிதர் அன்ரன் அண்ணை நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார்.

"இது சைவக்காரரின்ரை வழக்கமெல்லே?" என்று பாதர் கேட்டார்.

"சில்லுக்கு என்ன சமயம், பாதர்?" என்றார் அன்ரன் அண்ணை.

நீங்கள் கம்பீரமாக ஏறியிருந்து, ஒரு பிடியைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினீர்கள். மெசின் ஒரேயொரு தேசிக்காயை நசித்துக்கொண்டு சுழன்று, பாதரின் பக்கம் திரும்பியது. அவர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை பியோர்ண்டால் இன்னும் மறக்கவில்லை. நசியாத மூன்று தேசிக்காயையும் நான் பொறுக்கிவந்து பின்னேரம் தேசிக்காய்த் தண்ணி கரைத்தேன். நீங்கள்தான் இரண்டு கிளாஸ் குடித்தீர்கள்.

அந்த மெசினில்தான் எனக்கு முதல் பாடம். ஏறுவதற்கு முன்பே ஆர்னே சீட்டுக்குக் கீழே ஒரு குமிழைக் காட்டினார். இருக்கிற ஆளின் எடைக்கு ஏற்றபடி சீட்டின் சுருளை இறுக்கவும் தளர்த்தவும் அது. பக்கத்தில் ஒரு சின்ன ஊசி, எடை காட்ட. அது தொண்ணூற்றைந்தில் நின்றது. சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்த வருடம் நீங்கள் போய், வீடு வீடாக விருந்து சாப்பிட்டு வந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"முதலில் இதை உன் எடைக்குத் திருப்பு" என்றார் ஆர்னே. நான் "யா, யா" என்றேன். திருப்பவில்லை.

உங்கள் குளிர்க்கோட்டு அலுமாரியில் தொங்குகிறது. சவரக்கத்தி குளியலறையில் இருக்கிறது. அவையெல்லாம் சாமான்கள். அந்த ஊசி ஒன்றுதான் நீங்கள் இன்னமும் அதில் ஏறியிருக்கிறீர்கள் என்று காட்டிக்கொண்டு நின்றது. அதை என் கையால் எப்படித் திருப்புவேன்?

அதன் விளைவை உடனேயே அனுபவித்தேன். உங்களைத் தாங்குவதற்கென்று இறுக்கிய சீட்டில் ஐம்பத்திரண்டு கிலோ நான் போய் இருந்தால் என்ன நடக்கும்? புல்லில் ஒரு சின்ன மேடு வந்தாலும் என்னைத் தூக்கி எறிந்தது. சீட்டுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறதல்லவா, ஆள் எழும்பினால் கத்தியும் எஞ்சினும் நின்றுவிடும். நான் ஒரு விரற்கடை எழும்பினேன், எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன், அடுத்த மேடு, திரும்ப நின்றது. ஆர்னே ஒவ்வொரு தரமும் பொறுமையாகக் கேட்டார், "சீட்டின் குமிழைத் திருப்பினாயா?" நான் ஒவ்வொரு தரமும் "யா" என்றேன். நோர்வேக்காரரிடம் உள்ள குறை இதுதான். யா என்று சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

பிரேக் இன்னொரு கூத்து. இரண்டு பிடியையும் மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தால் மெசின் நிற்கும், காலுக்கு வேலை இல்லை. ஆனால் இத்தனை வருடம் உங்கள் காரில் பக்கத்து சீட்டில் இருந்து வலக்காலால் பிரேக் பிடித்தவள் நான். வேலியைக் கண்டதும் காலடித் தகரத்தை உதைத்தேன். உதைக்கிற வேகத்தில் கை பிடிகளை முன்னுக்குத் தள்ளியது. வேலியில் இரண்டு பலகை இப்போது புதிது.

இந்தக் கூத்தையெல்லாம் இரண்டு கிழமையாகப் பல்கனியில் நின்று பார்த்த அன்ரன் அண்ணை, ஒரு சனிக்கிழமை இறங்கி வந்தார். அன்றைக்கு ஆர்னே மெசினை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பை என்னிடம் தந்து, சமதரையில் மட்டும் ஓடு, கிட்ட ஆரையும் விடாதே என்று சொல்லிவிட்டுத் தன் மலைக்குடிலுக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, உனக்கு நிறை காணாது. அதுதான் மெசின் உன்னை ஆளெண்டே மதிக்குதில்லை" என்றார் அன்ரன் அண்ணை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இருபது கிலோ அரிசி மூடை ஒன்றைத் தோளில் தூக்கிவந்தார். சீட்டில் அதைப் பின்னுக்கு வைத்து, முன்னுக்கு மிச்சமிருந்த இடத்தில் என்னை இருக்கச் சொன்னார்.

எங்கள் டிலானி தள்ளி நின்றாள். பதினாறு வயதில் உங்கள் மூக்கும் என் வாயும். "அம்மா, இது லீவ்ஸ்ஃபாலி! பெல்ட்டும் எட்டேல்லை, பாருங்கோ!" என்று கத்தினாள். உயிருக்கு ஆபத்தாம்.

"மூடையைக் கட்டுவமா, அண்ணை?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குக் கட்டுறது? அரிசி எங்கை ஓடப்போகுது?"

ஓடியது.

தொடக்கத்தில் எல்லாம் சோக்காகத்தான் இருந்தது. மேட்டில் நான் எழும்பினாலும் மூடை எழும்பவில்லை, எஞ்சின் நிற்கவில்லை. பக்கத்து புளொக் வரை நேராகப் போய், சுற்றி, திரும்பியும் வந்தேன். அன்ரன் அண்ணை கை தட்டினார். அப்போது முன்னால் ஒரு பந்து கிடந்தது. பிடிகளை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதை எடுக்க இறங்கினேன். இரண்டு கிழமையாக நான் எழும்பினாலே எஞ்சின் செத்துப் பழகியிருந்தது. அதனால் கத்தியை நிறுத்த வேண்டும், பிடிகளை வெளியே விரித்துவிட்டுக் கைப்பிரேக் போட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

நடுவில் விட்டாலும் மெல்ல ஊருகிற கெட்ட குணம் அந்த மெசினுக்கு உண்டு என்று நீங்கள் எத்தனை தரம் குறைப்பட்டிருப்பீர்கள். அது ஊரத் தொடங்கியது. கத்தி சுழலச் சுழல என்னைக் கடந்து, பிள்ளைகளின் மணற்பெட்டியை நோக்கிப் போனது. சீட்டில் மூடை நிமிர்ந்து இருந்தது. உண்மையைச் சொன்னால் என்னைவிட நேராக ஓட்டியது.

அன்ரன் அண்ணை ஓடிப்போய் மெசினுக்கு முன்னால் நின்று, பஸ்ஸை மறிக்கிறது மாதிரிக் கையைக் காட்டி "நில்! நில்!" என்றார். "முன்னுக்கு நிக்காதேங்கோ மாமா!" என்று டிலானி கத்திய கத்தலில்தான் அவர் பாய்ந்து விலகினார். அதே நேரம் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. மூன்று வயதுச் சின்னப்பெண் ஒருத்தி, மணலில் விட்டுவிட்டுப் போன வாளியை எடுக்க நடந்து வந்தாள். டிலானிதான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தாள்.

மணற்பெட்டியின் பலகை விளிம்பில் முன்சில்லு மோதியது. மூடை ஒருக்கால் ஆடியது, சரிந்தது, விழுந்து வெடித்தது. அந்தக் கணமே கத்தி நின்றது, எஞ்சினும் நின்றது. அந்த சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது.

நான் புல்லில் இருந்துவிட்டேன். சிரிப்பு எல்லாம் பிறகுதான் வந்தது, அதுவும் அன்ரன் அண்ணை "பொன்னி அரிசி, தங்கச்சி" என்று முனகிக்கொண்டு பொறுக்கத் தொடங்கிய பிறகு. பாதியை அவர் பொறுக்கினார். மீதிக்குப் பியோர்ண்டாலின் முழுக் காகமும் கடற்புள்ளும் வந்து இறங்கின.

அங்கே இருந்துகொண்டு யோசித்தேன். அந்த சுவிட்ச் கேட்பது ஒரேயொரு கேள்வி, சீட்டில் ஆள் இருக்கிறதா என்று. மூடை 'ஓம்' என்று பொய் சொன்னது. நானும் அந்த ஊசியை வைத்துக்கொண்டு இரண்டு கிழமையாக அதே பொய்யைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? நீங்கள் இல்லை. இல்லாத உங்களை சீட்டில் வைத்திருக்கப்போய், ஒரு வீட்டுப் பிள்ளையைக் கத்திக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

எழும்பிப் போய் சீட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து குமிழைத் திருப்பினேன். இறுகிப்போயிருந்தது. தொண்ணூறு. எண்பது. எழுபத்தைந்தில் டிலானி கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டீர்கள். அறுபத்திரண்டில் கலியாணப் படத்துக்கு வந்துவிட்டீர்கள், ஒல்லியாய், காது மட்டும் பெரிதாய். அதற்குக் கீழே நீங்கள் இல்லை. ஐம்பத்திரண்டு வரைக்கும் நான் தனியே திருப்பினேன்.

டிலானி வந்து பக்கத்தில் குந்தினாள். "அம்மா, அழுறீங்களோ?"

"இல்லை. பெற்றோல் மணம்."

அவள் என் தோளில் சாய்ந்தாள். யா என்று சொன்னால் நம்புகிற பிள்ளை அவள் இல்லை.

திங்கட்கிழமை ஆர்னே வந்து, புல் முழுக்கப் பறவைகளைக் கண்டு, என்ன இது என்றார். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. சீட்டில் மனிதரைத் தவிர வேறெதையும் இனி கண்டால் வேலையும் இல்லை, திறப்பும் இல்லை என்றார். பிறகு ஊசியைக் குனிந்து பார்த்தார். ஐம்பத்திரண்டு. நிமிர்ந்து, "புதன்கிழமை ஓட்டிக் காட்டு" என்றார்.

புதன்கிழமை காலை மழை தூறி ஓய்ந்திருந்தது. சங்கத் தலைவி இங்கெர் குடையோடு வந்து நின்றார். நான் முதலில் மெசினில் ஏறவில்லை. நீங்கள் செய்கிற மாதிரிப் புல் முழுக்க நடந்தேன். இரண்டு கல்லு, ஒரு கரண்டி, ஒரு விளையாட்டுக் கார். உங்கள் வேலைக் காற்சட்டைப் பையில் இருந்து கடைசியாக நான் எடுத்தது ஒரு பொம்மையின் சப்பாத்து. அது ஏன் அங்கே வந்தது என்று அன்றுதான் சரியாக விளங்கியது.

பிறகு ஏறி, பெல்ட்டை மாட்டி, பிடிகளை உள்ளே எடுத்தேன். சீட் என்னைத் தூக்கி எறியவில்லை. மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது. எஞ்சின் ஒரு தரமும் நிற்கவில்லை. வேலிக்குக் கிட்டப் போனபோது வலக்கால் தகரத்தை உதைக்கத்தான் பார்த்தது, அதை அடக்கிக்கொண்டேன். மணற்பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தேன், மரத்தை ஒட்டி ஒரு சுழல். இங்கெர் குடையை மடித்துவிட்டார்.

"அங்கேயும் வெட்டிவிடலாமே?" என்று நாலாம் புளொக்குக்குப் பின்னால் உள்ள சரிவைக் காட்டினார்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். வாயில் முதலில் தமிழ்தான் வந்தது. "அங்கை ஏலாது." பிறகு நோர்வேஜியனில் சொன்னேன், சரிவு கூடுதல், புல்லும் ஈரம், மெசின் வழுக்கும், அந்த இடத்துக்குக் கையால் தள்ளுகிறதுதான் சரி என்று. சங்கத் தலைவிக்கே மறுப்புச் சொல்கிறேனே, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆர்னே இங்கெரைப் பார்த்தார், இங்கெர் ஆர்னேயைப் பார்த்தார்.

"வேலை இவளுக்குத்தான்" என்றார் ஆர்னே. "தாஸ் மெசினோடு அந்தச் சரிவில் இறங்கி வேலிப் பற்றைக்குள் போனவன்."

எனக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? கையில் கீறலோடு வந்து, ரோசாச் செடி கத்தரித்தேன் என்றீர்களே! எங்கள் வீட்டில் எங்கே ரோசாச் செடி? அந்தக் கணக்கை அங்கே வந்து தீர்க்கிறேன், இப்போது அவசரமில்லை.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள் நான்தான் ஓட்டுகிறேன். அன்ரன் அண்ணைக்குப் புது மூடை வாங்கிக் கொடுத்தாயிற்று. அவர் பல்கனியில் நின்று குறைதான் சொல்கிறார், உங்களைப்போல் வேகம் இல்லையாம். கீழ்வீட்டுச் சின்னப்பெண் நான் வெட்டும்போது ஜன்னலுக்குள் நின்று கை காட்டுகிறாள். அவள் உள்ளே நிற்கிறாள் என்று பார்த்த பிறகுதான் திறப்பையே திருப்புகிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், கேளுங்கோ. ஒக்டோபரில் மெசினைக் கழுவித் துடைத்து நிலக்கீழ் கராஜில் விட்டுவிடுவோம். பனி கரையும்வரை அதற்கு வேலை இல்லை. கராஜைப் பூட்டுவதற்கு முன்னர் நான் குந்தியிருந்து குமிழைத் திருப்புவேன், அறுபத்திரண்டைத் தாண்டி, எழுபத்தைந்தைத் தாண்டி, தொண்ணூற்றைந்து வரைக்கும். பனிக்காலம் முழுக்க சீட் உங்களுடையது. ஆறுதலாக ஏறி இருங்கோ. திறப்பு மட்டும் என்னிடம் இருக்கும்.

என்றும் உங்கள் மனுசி,
றீற்றா