பேப்பரில் வெள்ளை வண்டி

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் வீட்டுக்காரி, அதாவது என் தங்கச்சி, பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் பேனாவைப் பிடித்தேன். ஐந்தாவதோடு நின்ற கை. பிழையையும் சேர்த்தே படியுங்கள்.

நீங்கள் வாங்கப்போகிற வீட்டு வண்டியின் போட்டோவை நம் பெயிண்ட் பட்டறையில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி! எனக்குச் சில சந்தேகம். தொட்டியில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது, பின்னால் வருகிறவன் தலையிலா? மூலையில் இருப்பது அலமாரியா, கக்கூஸா?

வண்டியை இங்கே கொண்டுவர என்ன செலவாகும் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். துறைமுகத்தில், சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தருகிற கிளியரிங் ஏஜென்டைப் பார்த்தேன். வண்டிக்கு வயசாக வயசாக வரி ஏறுமாம். நமக்கு அந்த மரியாதை இல்லை. வண்டி விலையைவிட வரி அதிகம். அதன் மேல் கப்பல் கூலி, துறைமுக வாடகை, சோதனைக் கட்டணம், பதிவு, ரோடு வரி, இன்சூரன்ஸ். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை வறண்டு, அவர் மேஜையில் இருந்த தண்ணீரையே எடுத்துக் குடித்துவிட்டேன். கடைசியில் ஒன்று கேட்டார்: "ஓனர் ஒரேயடியா ஊர் திரும்புறாரா?" அப்படியென்றால் வரியில் முக்கால்வாசி தள்ளுபடியாம். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

கேட்டுவிட்டேன்.

பதிலை எதிர்பார்க்கும்
மச்சான்


பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒரு டேங்கில் சேரும். மூலையில் இருப்பது கக்கூஸ்தான்.

முழு வரியே கட்டிவிடுவோம், பணம் அனுப்புகிறேன். நான் இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் இருந்தால் நல்லது என்று படுகிறது. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவில் வந்து அவளை ஊர் ஊராகக் கூட்டிப்போகத்தான் இந்த வண்டி. அறையில் ஒற்றைப் பாத்திரத்தில் சமைக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். என்னிடம் "சரி" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்வதில்லை.

அன்புடன்
மாப்பிள்ளை


ஜூன் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வண்டி வந்து பட்டறையில் நிற்கிறது. தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு நானே அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நீங்கள் சொன்னது நிஜம்தான். அது நல்ல சேதி.

இனி மற்றது. வெள்ளைப் பெயிண்ட் பல இடத்தில் பொரிந்திருந்தது. பெயிண்டர் கண் முன்னால் அப்படி ஒரு வண்டி நின்றால் கை சும்மா இருக்குமா? என்ன கலர் வேண்டும் என்று தங்கச்சியைக் கேட்டேன். பச்சை என்றாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, பச்சை அடித்து, லாரியில் ஏற்றிப் பதிவு ஆபீசுக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். மெச்சுகிறார் என்று நினைத்து நானும் அடக்கமாக நின்றேன். "பேப்பர்ல வெள்ளைன்னு இருக்கே, இது எந்த வண்டி?" என்றார். கலரை மாற்றிப் பதிய ஓனரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் பழையபடி வெள்ளை அடிக்க வேண்டுமாம். எப்படியும் சோதனைக் கட்டணம் மறுபடியும் உண்டு. திட்டாதீர்கள், உங்களுக்கும் சேர்த்தே ஏஜென்ட் திட்டிவிட்டார்.

வெள்ளை டப்பா வாங்கிவந்தேன். சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சி வண்டிக்குள் ஏறினாள். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்தாள், கட்டிலை அழுத்திப் பார்த்தாள், அடுப்பைத் திருகிப் பார்த்தாள். உங்கள் ஒரு மாசத் திட்டத்தை அப்போதுதான் சொன்னேன்.

"மிச்ச மாசமெல்லாம்?"

"இங்கேயே நிக்கும்."

"நான் நிக்கிற மாதிரியா?" என்றாள்.

பேச்சை மாற்ற டப்பாவைத் திறக்கப் போனேன். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"பச்சையாவே இருக்கட்டும்ண்ணே. அவரு வரட்டும்."

இத்தனை வருஷத்தில் "அவரு வரட்டும்" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? என்ன செய்யட்டும், எழுதுங்கள்.

மச்சான்


ஜூலை 10

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் போனதே தெரியவில்லை.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளை டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழு வரியையும் கட்டிவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிற ஆளை உங்கள் ஏஜென்ட் பார்த்திருக்க மாட்டார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவள் கேட்டது எந்தப் பச்சை? இலைப் பச்சையா, பாசிப் பச்சையா? இங்கே போகிற வருகிற பச்சை வண்டியை எல்லாம் நின்று பார்க்கிறேன்.

எழுத வேண்டாம். வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை