மிளகாய்ச் சரத்தில் தொங்கிய பாதிரியார்

நோவி சாட்,
புனித நிக்கோலா திருநாள் கழிந்த வாரம்.

அன்பு மருமகள் நெவெனாவுக்கு,

இந்நகரத்து மாமாக்களுக்கெல்லாம் தலைவனும், மீன்குழம்புக்குத் தனிக்கொடி ஏற்றியவனுமாகிய ராடிவோயே மாமா அனேக ஆசிகளுடன் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம். இதில் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று மீசைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். படித்தால் போதும்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி என்னைத் திட்டத் தொடங்கிவிட்டாள். உன் பூனை என் தொப்பிக்குள் குடியேறியிருக்கிறது. நீ இருக்கும் டிரியெஸ்டே ஊரில் மழையாமே, ஈரக் காலுறையோடு திரியாதே.

இனி விஷயம். கணினி விளையாட்டுக் கண்காட்சியில் அந்தக் கம்பெனிக்காரர் நீ வரைந்த லெவலை ஆடிப் பார்த்து, விழுந்து விழுந்து எழுந்து, "படம் அழகாத்தான் இருக்கு, விளையாடத்தான் முடியல" என்றார். அன்றே நீ பெட்டியைக் கட்டினாய். இனி வரையவே மாட்டேன், கேக் கடையில் வேலை பார்க்கிறேன் என்றாய். உன் கூட்டாளி லாசார் மட்டும் கணினி முன் பட்டினி கிடந்தான். திருத்தி அனுப்ப அவர்கள் தந்த கெடு திருநாளோடு முடிவதாக இருந்தது. தவறினால் உங்கள் இருவர் விளையாட்டும் அதோடு சரி.

அப்போது என் மூளையில் ஒரு யோசனை இடியாக இறங்கியது. அந்த அதிர்வில் நம் ஊர்க் கோட்டைச் சுவரே விரிசல் விட்டதாம். நம் குடும்பப் புனிதரின் திருநாளன்று நாம் யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை அல்லவா? லாசாரின் கணினியைத் தொலைக்காட்சியில் மாட்டினேன். கோதுமைப் பிரசாதம் ஒரு கரண்டி, ராக்கியா சாராயம் ஒரு மடக்கு, உன் லெவல் ஒரு ஆட்டம். ஆடாதவருக்கு மீன் கிடையாது என்று சட்டம் போட்டேன்.

நாலாயிரம் பேர் வந்தார்கள். வரிசை டானூப் பாலத்தைத் தாண்டியது. ஆட்டத்தில் கூரை கூரையாகத் தாவி வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் ஆற்றில் விழுந்தார்கள். பால்கனியில் நீ வரைந்து தொங்கவிட்ட சிவப்பு மிளகாய்ச் சரம்! படத்திலேயே அதுதான் ஜொலிக்கிறது. கண் அங்கே போகிறது, கால் பின்னாலேயே போகிறது. அதுவோ வெறும் அலங்காரம். நிற்கவேண்டிய கல் பின்னாலிருக்கும் மலையின் நிறத்திலேயே ஒளிந்து கிடக்கிறது.

திருநாள் ரொட்டியை வெட்டி ஆசி கூற வந்த பாதிரியாரும் விழுந்தார். "யோவ் ராடிவோயே, கண்ணுக்கு விருந்து வெச்சுட்டுக் கால வாருறியே!" என்று கத்தினார். பக்கத்து வீட்டு டெசங்கா விடுவாளா? "சாமி, நீங்க குதிச்ச குதிக்குத் தேவாலயத் தூணே சாஞ்சிருக்கும், பாவம் மிளகாய் என்ன பண்ணும்?"

லாசார் எழுந்து, "மிளகாய எடுத்துடறேன் மாமா" என்றான். "எடுத்தே, உனக்கு மீன் முள்ளுதான்டா! எல்லார் கண்ணும் அதுலதான் நிக்குது. காலும் நின்னுட்டுப் போகட்டுமே!" என்றேன். அவன் வாயில் ரொட்டியோடு உட்கார்ந்தான். மலையை வெளுத்தான். கல் விளிம்பில் வெயில் கோடு போட்டான். சரத்தைப் பிடித்தால் ஊஞ்சலாடும்படி செய்தான்.

பாதிரியார் சரத்தில் தொங்கி, ஆடி, ஆற்றைத் தாண்டிவிட்டார்! வீடே எழுந்து கத்தியதில் கூரை ஒரு முழம் மேலே போய், திரும்ப வந்து சரியாக உட்கார்ந்தது. அன்றிரவே அப்படியே அனுப்பினோம். இன்று காலை கம்பெனிக்காரர் லாசாரைப் போனில் கூப்பிட்டு, சரி, எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அழுத அழுகையில் நம் தெரு முழங்கால் ஆழம் தண்ணீரில் நிற்கிறது.

ஒரு குறைதான். லாசார் வெளுத்த மலை பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. அதை மூடுபனியாக்க உன்னை விட்டால் வேறு கை இல்லை. உன் நாற்காலியில் பூனையைக்கூட உட்காரவிடாமல் காக்கிறான் அவன். நல்லபடியாக வந்து சேர், கண்ணு. கேக்கை நாம் காசு கொடுத்தே தின்றுகொள்ளலாம்.

ஆசிகளுடன்,
உன் மாமா ராடிவோயே.

பி.கு. நாலாயிரம் பேர் பொய். கோட்டை, கூரை, வெள்ளம் எல்லாம் பொய். சரி என்று அவர்கள் சொன்ன அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.