பின் சக்கரத்துக்குள் மச்சான்

மச்சானுக்கு,

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காய் போட்டுக் கழுவினேன், கடைசியில் உங்கள் தங்கச்சி பாத்திரம் விளக்கும் தூளையும் அள்ளித் தேய்த்துவிட்டேன். ரப்பர் வாசனை போகவில்லை. வெந்த ரப்பரும் புழுதியும் பழைய வேட்டியும் கலந்த வாசனை. இது உங்கள் வாசனை என்று சொன்னால், போய்ச் சேர்ந்தவரைக் கேலி பண்ணுகிறான் என்பார்கள். ஆனால் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக்கூடாது என்பது நீங்கள் கடைப்பிடித்த ஒரே விரதம்.

இன்று காலை திருச்சுழி சாலையில் இருக்கிற பஞ்சர் கடையில் என் வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். முள் குத்தவில்லை. டியூபில் காற்று அடிக்கிற மூக்கு அடியோடு கிழிந்துவிட்டது. கடைக்காரர் கம்பியைக் கொடுத்து நெம்பி, டியூபை உருவக் கையை உள்ளே விட்டார். விட்ட கையை அப்படியே நிறுத்தினார்.

"சார், உள்ள இன்னொரு டயரு இருக்கு."

"டியூபைச் சொல்றீங்களா?"

"டியூபு எனக்குத் தெரியாதா சார்? டயருக்குள்ள டயரு. நீங்க போடச் சொன்னதா, இல்ல யாரும் உங்களுக்குத் தெரியாம போட்டுவிட்டாகளா?"

இழுத்து வெளியே போட்டார். ஓரக் கம்பியை வெட்டி எடுத்த பழைய டயர், வாழைப்பட்டை மாதிரி வளைந்து கிடந்தது. அதன் உள்பக்கம் நெடுகிலும் வேட்டித் துணி ஒட்டியிருந்தது. துணியை ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன். காய்ச்சிய கம்பியால் சுட்ட மூன்று கோடுகள்.

மச்சான், மாட்டிக்கொண்டீர்கள்.

மானாவாரிக் காட்டில் கொத்தமல்லியும் சோளமும் போட்டு, மழை வரும் என்பதை மட்டும் நம்பி, மற்ற எதையும் நம்பாமல் வாழ்ந்த மனிதர் நீங்கள். கடையில் தக்காளி நிறுக்கும்போது தராசைப் பார்க்கமாட்டீர்கள், கடைக்காரரின் விரலைப் பார்ப்பீர்கள். ஊரே உங்கள் பொருளைத் தூக்கிப்போகக் காத்திருக்கிறது என்று மண்வெட்டிக் காம்பு, வாளி, செருப்பு, கட்டில் கால் எல்லாவற்றிலும் அந்த மூன்று கோட்டைச் சுட்டு வைப்பீர்கள். என் கல்யாணத்தில் எனக்கும் ஒரு சூடு வைத்துவிடுவீர்களோ என்று பந்தலில் கொஞ்சம் தள்ளியே நின்றவன் நான். அப்படிப்பட்டவர் தன் டயரைக் கொண்டுவந்து என் டயருக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்றால், அதற்கு என்ன அர்த்தம்? எனக்கு நல்லது செய்தீர்களா, இல்லை என்னை மாட்டிவிட்டீர்களா? காலையில் இந்த ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது.

ஏனென்றால் இந்த டயர் விஷயத்தில் நம் இருவருக்கும் பழைய வழக்கு உண்டு. நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் திடீரென்று இளமை வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வயதில் மற்றவர்கள் தலைக்குச் சாயம் அடிப்பார்கள். என் தலையில் சாயம் பிடிக்க எதுவும் மிச்சமில்லாததால், வண்டிக்குப் பின்னால் அகல டயர் போட்டேன். கம்பெனி கொடுத்த டயர் நோஞ்சான் கால் மாதிரி இருந்தது, இது பயில்வான் தொடை மாதிரி இருந்தது. அலுவலகத்தில் பையன்கள் பாராட்டினார்கள். நீங்கள் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தீர்கள்.

"என்ன மாப்ள, வண்டிக்கு ஆனைக்கால் வந்திருக்கு?"

"அகலமா இருந்தா ரோட்டை நல்லாப் பிடிக்கும் மச்சான்."

"பிடிக்கும். பிடிச்ச பிடியை விடாது. அதை இழுத்துட்டுப் போறதுக்குள்ள இன்ஜினு நாக்கு தள்ளிரும். நோஞ்சான் மாட்டுல லோடு வண்டியப் பூட்டுன கதைதான். பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருங்க."

சொன்னபடியே ஆனது. தொட்டி காலியாகிற வேகத்தைப் பார்த்து ஒரு மாதத்தில் பழைய அளவுக்கே திரும்பினேன். காற்று விஷயத்திலும் நான் மோசம். டயர் தரையில் சப்பையாக உட்கார்ந்து கும்பிடு போட்டால்தான் காற்றடிப்பேன். நீங்கள் காலையில் வண்டி கிளம்புமுன் பார்க்கச் சொல்வீர்கள். "வெயில்ல ஓடிவந்த டயரு காய்ச்சல்காரன் மாதிரி. அப்ப அளந்தா கூடத்தான் காட்டும். காத்து இல்லாத டயரு நெளிஞ்சு நெளிஞ்சுல ஓடும், அந்த நெளியிற நெளிவுக்கும் உங்க பெட்ரோலுதான் போகுது" என்பீர்கள். காற்று அளக்கிற கருவியையும் நம்பமாட்டீர்கள். "அது யாரு ஆளுன்னு நமக்கென்ன தெரியும்?" என்று கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பீர்கள். மைலேஜ் பழையபடி வந்தது. உங்களால் வந்தது என்று சொல்ல மனமில்லாமல், காற்றின் திசை மாறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். திருச்சுழியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு உங்கள் தங்கச்சியைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வண்டி ஆடியது, பின் டயர் உட்கார்ந்தது. விரல் நீள முள். மூட்டுவலிக்காரி, பட்டுச் சேலையோடு, நான் வண்டியைத் தள்ளத் தள்ள நடந்து வந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போன் பண்ணியதும் நீங்கள் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் உங்கள் வீட்டு வாசலில், சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்க, பேச்செடுத்தீர்கள்.

"மாப்ள, நம்ம வண்டியில கழட்டின டயரு ஒண்ணு கெடக்கு. ஓரத்தை வெட்டிட்டு உங்க டயருக்குள்ள குடுத்துருவோம். முள்ளு குத்துனாலும் டியூபைத் தொடாது. நம்ம காட்டுப் பக்கம் எல்லாரும் போடுறதுதான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கிற வாயா? "உங்க டயரு செத்துப்போச்சுன்னா உங்க காட்டுல புதைங்க மச்சான். என் வண்டியில எதுக்கு அடக்கம் பண்ணுறீக?" என்றேன். வாசலே சிரித்தது. அந்தச் சிரிப்புச் சூட்டில், "சக்கரம் கனத்தா பெட்ரோலு போகும்னு நீங்கதான சொன்னீக?" என்று உங்கள் பாடத்தையே உங்களுக்குத் திருப்பி ஒப்பித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

அடுத்த வாரம் பாலவனத்தத்தில் ஒரு துக்கம், உங்கள் வண்டி மக்கர் என்று சொல்லி என் வண்டியை ஒருநாள் வாங்கிப் போனீர்கள். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். குடிக்கிற செம்பில் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற ஊரில், ஓசி வண்டியைக் கழுவித் தருகிறார் மச்சான்! அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். வண்டியை எங்கேயோ கீழே போட்டுவிட்டார், சிராய்ப்பை மறைக்கக் கழுவியிருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, குனிந்து குனிந்து தேடினேன். சந்தேகம் சரி, தேடிய இடம்தான் தப்பு.

அதிலிருந்துதான் மைலேஜ் மறுபடி சரிந்தது. டயர் பழைய அளவு, காற்றும் சரியாக இருக்கிறது, பெட்ரோல் மட்டும் போன இடம் தெரியவில்லை. துப்புத் துலக்க யாரைக் கூப்பிட்டேன்? உங்களை! இதை நினைத்தால்தான் இப்போது சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வருகின்றன. திருடனையே காவலுக்கு வைத்த கதை. நீங்களும் முகத்தில் ஒரு ரேகை மாறாமல் விசாரணை நடத்தினீர்கள். "பங்குல ஜீரோ பாத்தீகளா?" என்றீர்கள். நான் பங்க் பங்க்காக மாறி, பெட்ரோல் போடுகிற பையன்களை முறைத்துக்கொண்டு நின்றேன். "பக்கத்து வீட்டுல யாரும் டியூபைப் போட்டு உறிஞ்சுறாகளா?" என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். பிளக்கை மாற்றினேன். எதுவும் ஆகவில்லை என்றதும், தலையைச் சொறிந்துகொண்டு ஒருநாள் சொன்னீர்கள்:

"தப்பா நெனைக்காதீக மாப்ள. வண்டி அப்படியேதான் இருக்கு. ஏறி உக்காருறதுதான் கூடிப்போச்சு."

அதை நம்பி அந்த மாதம் முழுக்க நான் பரோட்டாவைத் தொடவில்லை. அந்தப் பாவத்துக்கு உங்களுக்கு மேலே கூலி கிடைத்திருக்கும்.

ஆனால் விஷயம் விளையாட்டாக நிற்கவில்லை, மச்சான். உங்கள் தங்கச்சி கணக்குப் போட ஆரம்பித்தாள். தினமும் திருச்சுழி அலுவலகத்துக்குப் போய்வருகிற மனிதனுக்கு இவ்வளவு பெட்ரோல் எதற்கு? மீட்டரில் தூரம் ஏறவில்லையே என்று நான் வாதாடியது எனக்கே வினையானது. "மீட்டர் ஒயரைக் கழட்டிவிட்டுட்டு எங்க போறீக? மல்லாங்கிணத்துல யாரு இருக்கா?" என்றாள். மல்லாங்கிணற்றில் நான் முன்பு வேலை பார்த்த அலுவலகமும் ஒரு நல்ல வடைக்கடையும்தான் இருக்கின்றன. சொன்னால் எடுபடவில்லை. உங்கள் தங்கச்சிக்குக் கோபம் முற்றினால் நான் 'நீங்க' இல்லை, 'அவுக' ஆகிவிடுவேன். எதிரில் நிற்கிற என்னைப் பற்றிச் சுவரிடம் பேசுவாள்: "அவுகளுக்குச் சோறு அடுப்படியில இருக்கு. பசிச்சாச் சாப்பிடட்டும்." இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவனை இப்படிச் சுவருக்குச் சொந்தக்காரன் ஆக்கிவிட்டாள். படுக்கையும் உள் அறைக்குப் போய்விட்டது.

அப்போது நீங்கள் வந்தீர்கள். காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"அவுக அப்படிப்பட்ட ஆளு இல்ல தாயி. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்ணே?"

"தெரியும்னா தெரியும். காபியில சீனி பத்தல."

பால்காரர் கொண்டுவரும் பாலையே சந்தேகப்படுகிறவர் என்னை நம்புகிறார் என்றால், எனக்கு உங்கள்மேல் சந்தேகம் வராதா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள், இவர் என்னைத் தட்டிக்கொடுத்து வாயைப் பிடுங்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் முழுதாக நம்பவில்லை. உங்களுக்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பங்குனியில் காட்டிலிருந்து திரும்பிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நீங்கள், எழுந்திருக்கவில்லை. எனக்குச் சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆளும் போனார். அதற்குப் பிறகும் நான் நேரங்கழித்து வந்தால் அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், வண்டியைத்தான் பார்ப்பாள்.

இன்று காலை அந்த டயரைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழவில்லை மச்சான். வழக்கு ஜெயித்துவிட்டது என்றுதான் துள்ளினேன். ஷேர் ஆட்டோவில் அந்த அழுக்கு டயரை மடியில் வைத்துக்கொண்டு போய், வீட்டு நடுக்கூடத்தில் போட்டேன்.

"பாத்துக்க. மல்லாங்கிணறு இதுதான். உங்க அண்ணன் பாத்த வேலை!"

அவள் குனிந்து மூன்று கோட்டையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணியை விரலால் நீவினாள். "அண்ணன் வேட்டிதான். கரையைப் பாருங்க" என்றாள். டயரின் ஓரத்தைத் தடவினாள். நானும் தடவினேன். வெட்டிய ஓரம் கத்திமாதிரி நின்றால் டியூபை அறுத்துவிடும் என்று, சுற்றுவட்டம் முழுக்க மெலிசாகச் சீவியிருந்தீர்கள். அதன்மேல் வேட்டியைக் கிழித்து மெத்தை வைத்திருந்தீர்கள். மாட்டிவிட நினைக்கிற ஆள் இத்தனை பொறுமையாக ஓரம் சீவமாட்டான். என் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றி எறிந்திருப்பேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். என் வாயை நன்றாக அறிந்தவர் நீங்கள்.

பெட்ரோல் குறைந்ததைத் தினமும் எட்டிப் பார்த்த நான், அந்த முள் சாலையில் இத்தனை மாதமாக ஒரு பஞ்சர்கூட ஆகவில்லையே என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. வராத கஷ்டத்தை யார்மேல் சந்தேகப்படுவது?

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சரி, பெட்ரோலு போன வழி தெரிஞ்சிருச்சு. நீங்க நேரங்கழிச்சு வந்த வழி?"

"டீக்கடை."

"அதையும் ஒருநாள் யாராவது கழட்டிப் பாக்காமயா போவாக?" என்றவள், டயரை ஈரத்துணியால் துடைத்து என் கையில் கொடுத்தாள். "முள்ளு இன்னும் ரோட்டுலதான இருக்கு?"

சாயங்காலம் கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் புது டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, "அதைத் தூக்கிப் போட்டுருவோம் சார். வண்டி மைலேஜு கூடத் தரும்" என்றார். வேண்டாம், உள்ளேயே வைத்துப் பூட்டுங்கள் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உங்களை உள்ளே பதித்து, துணியைச் சுருக்கமில்லாமல் நீவி, டியூபை வைத்து மூடினார். காற்றடிக்கிற குழாயை மாட்டிவிட்டுக் கேட்டார்.

"தனியாப் போறதா சார், பின்னால ஆள் ஏறுமா? ஆளு ஏறுனா காத்து கொஞ்சம் கூட வைக்கணும்."

"ஏறும்" என்றேன், உங்களைக் கணக்கில் சேர்த்து.

"தினமுமா?"

"தினமும். திருச்சுழி வரைக்கும்."

எட்டி என் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. சந்தேகமாக என்னையே பார்த்துக்கொண்டு, காற்றைக் கூட்டி வைத்தார்.